உப்புப் பெண்ணின் கை

போன வாரம் நம் பதிப்பகத்துக்கு ஒரு காபி குடிக்கத்தான் வந்தேன். ஓய்வு பெற்ற எடிட்டருக்கு வேறு போக்கிடம் ஏது? புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று உங்கள் மூன்று பேரையும் காட்டினார்கள். உங்களில் ஒருவர் ஒரு கையெழுத்துப் பிரதியை மூடி வைத்துவிட்டு, "பேசுற கிணறாம். யதார்த்தமே இல்ல. திருப்பி அனுப்பிடலாம்" என்றார். மற்ற இருவரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் வெட்கக்கேடு. வீட்டுக்குப் பஸ் பிடித்து பொம்மையார்பாளையத்தில் இறங்குகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு உள்ளே அரித்துக்கொண்டே வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பிழை திருத்துவது, பக்கம் பிரிப்பது பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை மெஷினே செய்கிறது என்கிறார்கள், நல்லது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றி. அதற்கு இப்போது உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. அது என் அலமாரியில் இருக்கிறது. உங்களுக்குக் காட்டமாட்டேன்.

அந்தக் காலத்தில் எனக்குக் கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனாலும் காதில் விழும். விழுந்தால் பெருமையாகத்தான் இருக்கும். பேய், தேவதை, பறக்கும் பாய், பேசும் மிருகம் எது வந்தாலும் வெட்டிவிடுவேன். ஒருமுறை குழந்தைகள் புத்தகம் ஒன்றில் முதலை பேசியது. முதலை எங்கே பேசும் என்று அதன் வசனத்தை எல்லாம் எடுத்துவிட்டேன். எங்களிடம் ஒரு வயதான புரூஃப் ரீடர் இருந்தார், அதிகம் வாய் திறக்கமாட்டார். அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "பாவம்மா அந்த முதலை. அது ஒண்ணுதான் அந்தக் கதையில உண்மை பேசிக்கிட்டு இருந்துச்சு" என்றார். கிழவருக்கு வேலை போரடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

பச்சையம்மா எங்களைத் தேடி வந்தது ஒரு மழைக்காலத்தில். மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை, எட்டாவது வரைக்கும் படிப்பு, நாற்பதை ஒட்டிய வயது. மழை வந்துவிட்டால் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் மகளுடைய பழைய நோட்டுகளில் மீந்திருந்த தாள்களில் எழுதியிருக்கிறாள். அரிசி வந்த பிளாஸ்டிக் பையில் மூன்று நோட்டுகள், நனையாமல் சுற்றி எடுத்து வந்தாள்.

"படிச்சிப் பாருங்க மேடம். நல்லா இல்லன்னா நோட்டை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க, இன்னும் எட்டு பக்கம் காலியா இருக்குது" என்றாள்.

அன்றைக்கு மத்தியானமே படித்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நோட்டுக்குள் பங்குனி வெயில் அடித்தது.

கதை இதுதான். ஒரு பெண் நாள் முழுக்க உப்பு வாருகிறாள். வேலை முடிந்து கரையேறும்போது அவளுடைய நிழல் மட்டும் கூட வரவில்லை. உப்பு விளையும் பாத்தியிலேயே தங்கிவிடுகிறது. விடிவதற்குள் நிழலின் மேல் உப்பு பூக்கிறது. காலையில் அந்த நிழல் எழுந்து உட்காருகிறது, வெள்ளை வெளேரென்று ஒரு பெண்ணாக. கண் மட்டும் கறுப்பு. நிழலில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான் என்று பச்சையம்மா எழுதியிருந்தாள்.

உப்புப் பெண் காய்ந்த தரையாகப் பார்த்துப் பார்த்து நடந்து ஒரு ஊருக்குப் போகிறாள். ஒரு வீட்டில் குழம்பு கொதிக்கிறது, ருசி கூடவில்லை. அவள் ஒரு விரலை விட்டுக் கலக்குகிறாள். தெருவே மணக்கிறது. அந்த வீட்டார் அவளை விடவில்லை. மருமகள் ஆக்கிக்கொள்கிறார்கள். முதலில் ஒரு விரல் போதும் என்றவர்கள் பிறகு கையைக் கேட்கிறார்கள். சாப்பாடு நன்றாக இருந்ததால் அவள் கை தேய்வதை யாரும் கவனிக்கவில்லை. மணிக்கட்டு வரை கரைந்த அன்று அவள் வெளியே நடக்கிறாள்.

நேரே கடலுக்குப் போகிறாள். கடல் அவளைப் பார்த்ததும், "வாடி என் கண்ணே, நீ என் வயிற்றில் பிறந்தவள்தானே" என்று கூப்பிடுகிறது. ஆசையாகக் காலை வைக்கிறாள். கால் கரைகிறது. தாய் வீடானாலும் கரைத்துவிடும் என்று புரிந்து திரும்புகிறாள். கடைசியில் தான் பிறந்த பாத்திக்கே வருகிறாள். வெயிலில் கிடந்து கிடந்து முற்றிப்போன தண்ணீர் அது. இன்னும் ஒரு கல் உப்பைக்கூடக் கரைக்க அதில் இடமில்லை. அதற்குள் படுத்துக்கொள்கிறாள். கரையவில்லை. மூன்றாம் நாள் ஒரு நகம் முளைக்கிறது. பிறகு விரல், பிறகு இன்னொரு விரல், பிறகு முழுக் கை.

அந்த வீட்டார் சட்டியைத் தூக்கிக்கொண்டு தேடி வருகிறார்கள். உப்பு வாரும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "இங்க எல்லாமே உப்புதான், நீங்க எந்த உப்பைத் தேடுறீங்க?" என்கிறார்கள். வந்தவர்கள் கண் கூசி, திரும்பிப் போகிறார்கள்.

படித்து முடித்தபோது என் நாக்கில் உப்புக் கரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன். அப்படிப்பட்ட ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன யோசித்தேன் தெரியுமா? 'அட, இவ்வளவு அனுபவம் இருக்கிறவள் எதற்கு இந்த மாய மந்திரத்தை எல்லாம் போட்டு மூடியிருக்கிறாள்? உப்பளத்துப் பெண் எழுதினால் உப்பளத்து வாழ்க்கையை அல்லவா எழுதவேண்டும்? கால் வெடிப்பு, கண் கூச்சம், கூலி, குடி.' படிக்கிற கூட்டம் அதைத்தான் கேட்கும். படித்த வீட்டுப் பிள்ளை டிராகனைப் பற்றி எழுதினால் கற்பனை வளம். பச்சையம்மா எழுதினால் அவளுக்கு எழுதத் தெரியவில்லை. இப்படி நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் என் பேனா சொன்னது.

வெயில் ஏறி மறுபடி உப்பு விளையத் தொடங்கியதும் அவளைப் பார்க்க மரக்காணம் போனேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, "இது யாருக்காவது நடந்ததா?" என்று கேட்டேன்.

"கதைங்க மேடம்."

"கதை சரி. எங்கிருந்து வந்துச்சு?"

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். நான் விடாமல் குடைந்தேன். கடைசியில், "எனக்கு ஒரு தங்கச்சி இருக்குது. வானூர் பக்கம் கட்டிக் குடுத்தோம். டிபன் கடை வெச்சிருக்கிற ஊடு. இப்ப அங்க இல்ல" என்றாள்.

"எங்க இருக்காங்க?"

"எங்கியோ இருக்குது. நல்லா இருக்குது, உடுங்க" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. பூட்டைத் திறந்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு வந்தேன். அடுத்த இரண்டு மாதம் கத்தரிக்கோல் தன் வேலையைச் செய்தது. உப்புப் பெண் தங்கை ஆனாள். குழம்புச் சட்டி டிபன் கடை ஆனது. கை கரைவதை என்ன செய்வது? யோசித்து, புருஷன் அவள் கையைக் கொதிக்கும் தோசைக்கல்லில் வைத்து அழுத்தினான் என்று எழுதினேன். நானாகத்தான் எழுதினேன். கடல் பேசுவதை எடுத்துவிட்டேன், அம்மா வீட்டில் இடம் கிடைக்கவில்லை என்று ஆக்கினேன். முடிவு மட்டும் அழகாக இருந்ததால் வைத்துக்கொண்டேன். தங்கை முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு உப்பளத்துப் பெண்களோடு பெண்ணாக வேலை செய்கிறாள், தேடி வந்தவன் கண்டுபிடிக்க முடியாமல் திரும்புகிறான். கை வளர்வதை எடுத்துவிட்டேன். வெந்த கை எங்கேயாவது வளருமா?

பச்சையம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சீசன் நேரம். "போன்ல எழுத்து பொடிசா தெரியுது மேடம். நீங்க பாத்தா சரிதான்" என்று குரல் செய்தி வந்தது. அந்த நம்பிக்கையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அச்சுக்குப் போயிற்று. அட்டையில் 'ஓர் உப்பளப் பெண்ணின் உண்மைக் கதை' என்று நானே எழுதினேன். வெளியீட்டு விழாவை உப்பளத்திலேயே வைக்கலாம், போட்டோ நன்றாக வரும் என்று யோசனை சொன்னதும் நான்தான். அதே வரியோடு அழைப்பிதழ் போன் போனாகப் பறந்தது. தலைகால் புரியாமல் ஆடினேன்.

விழாவுக்கு முதல் நாள் காலை, கட்டு பிரித்த முதல் பிரதியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். எழுதியவள் கையில் முதல் பிரதியைக் கொடுக்கும் சுகம் இந்தத் தொழிலில் வேறெதிலும் கிடையாது.

உப்பளத்தை நீங்கள் காரில் கடந்து போயிருப்பீர்கள். வரப்பில் நடந்து பாருங்கள். வெயில் ஏறிய பிறகு மேலே எது கீழே எது என்று தெரியாது. மேகம் காலடியில் நகரும். தூரத்தில் உப்புக் குவியல்கள் தரையைத் தொடாமல் மிதக்கும். முகத்தைத் துண்டால் கட்டி, புடவை மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு பெண்கள் நீளக் கம்பு பூட்டிய பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் கீழே தண்ணீரில் தலைகீழாக இன்னொருத்தி இழுத்துக்கொண்டிருந்தாள். எவள் மேலே இருப்பவள் என்று ஒரு நிமிடம் எனக்கே குழம்பியது.

பத்து மணி வாக்கில் எல்லாரும் கரையேறி, கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியல் நிழலில் உட்கார்ந்தார்கள். பச்சையம்மா கையை முந்தானையில் மூன்று தடவை துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள்.

"படிடி, எங்க பேரெல்லாம் போட்டிருக்கிறியா?" என்று ஒருத்தி கேட்டாள். "இவ பேரைப் போட்டா புக்கு விக்காது" என்றாள் இன்னொருத்தி. ஒரே சிரிப்பு.

பச்சையம்மா விரல் வைத்துப் படித்தாள். முதல் பக்கத்திலேயே குரல் தடுமாறியது. உப்புப் பெண்ணைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை, கூச்சம் என்று நினைத்தேன். டிபன் கடை வந்தது. சிரிப்பு நின்றது. தோசைக்கல் வந்தது. அந்த வரியில் அவளுடைய விரல் நின்றுவிட்டது.

"ஏன் மேடம் இதை..." என்றாள்.

"போதும், மூடு" என்றாள் பக்கத்தில் இருந்த வயதானவள்.

கடைசியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் டீ குடிக்க முகத்துணியை இறக்கியிருந்தார்கள், அவள் மட்டும் பாதிதான் இறக்கியிருந்தாள். வலது கையில் ஒரு பழைய சாக்ஸ் மாட்டியிருந்தது. டீயை மணலில் ஊற்றிவிட்டு எழுந்தாள். துணியை இழுத்து மூக்கு வரை ஏற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கண்ணுக்கெட்டிய தூரத்துப் பாத்தியை நோக்கி நடந்தாள். வெள்ளை வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனாள்.

உண்மை என்று நான் சேர்த்ததெல்லாம் என் ஊகம். ஆனால் குருட்டாம்போக்கில் எறிந்த கல் நேரே போய் அவள் மேல் விழுந்துவிட்டது. எந்த ஊர்ப் பக்கம், என்ன கடை, இப்போது எங்கே ஒளிந்திருக்கிறாள், எப்படி ஒளிந்திருக்கிறாள் என்று அச்சில் போட்டு, வரச்சொல்லி அழைப்பிதழும் அனுப்பியிருக்கிறேன்.

"உப்புப் பொண்ணு உங்க தங்கச்சின்னு எனக்கு..." என்று ஏதோ உளறினேன்.

பச்சையம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அவ என் தங்கச்சி இல்ல மேடம். உப்புப் பொண்ணு உப்புப் பொண்ணுதான். அவளைப் போயி என் தங்கச்சி ஆக்குனது நீங்க. என் தங்கச்சி கை வெந்துபோச்சு, அது இனிமே வளராது. டாக்டரே சொல்லிட்டாரு. உப்புப் பொண்ணுக்கு வளரும். அதுக்குத்தான் எழுதுனேன். அதைப் போயி எடுத்துட்டீங்களே!"

நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். என்னை யாரும் அப்படி அடித்ததில்லை. அழுதுவிட்டேன். அந்தப் பெண்கள் என்னைச் சமாதானம் செய்யவில்லை, செய்திருக்கவும் கூடாது.

இளையவர்களே, நெருக்கடி வந்தால் முதலில் தோன்றும் யோசனையைச் செய்யாதீர்கள். எனக்கு முதலில் தோன்றியது பக்கங்களின் மேல் தாள் ஒட்டுவது. இரண்டாவது, 'இது கற்பனை' என்று ஒரு சீட்டு வைப்பது. இரண்டும் என் புத்தகத்தைக் காப்பாற்றும் வழிகள், அவளை அல்ல. மூன்றாவதாக, விழாவையே நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

"நிறுத்தாதீங்க" என்றாள் பச்சையம்மா. கோபம் அடங்கி, குரல் கெட்டியாகியிருந்தது. "நிறுத்துனா ஏன் நிறுத்துனாங்கன்னு ஊரே கேக்கும். அவ புருஷன் காதுலயும் உழும். அழைப்பு எப்படியும் அவனுக்குப் போயிருக்கும். விழா நடக்கட்டும். புக்கு மட்டும் வேணாம்."

வரப்பில் நின்றபடியே பதிப்பக முதலாளிக்குப் போன் செய்தேன். புத்தகம் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது, மொத்தத்தையும் கூழாக்கிவிடுங்கள் என்றேன்.

"உங்களுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சாம்மா? நாளைக்கு விழா!"

"தப்பு என்னுது. காரணம் கேக்காதீங்க, சொல்லமாட்டேன். இந்தப் புத்தகம் வந்தா நான் நாளைலேர்ந்து வரமாட்டேன்."

கடைசியில், "அச்சுல கோளாறுன்னு சொல்லிடுறேன்" என்று போனை வைத்தார். நல்ல மனிதர். ஏன் என்று கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

பச்சையம்மா அந்த ஒரு பிரதியை என்னிடமே நீட்டினாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். மறக்காம இருப்பீங்க."

மறுநாள் காலை உப்புக் குவியல்களுக்கு நடுவே சின்னதாக ஒரு பந்தல். பக்கத்துக் குப்பங்களிலிருந்து கொஞ்சம் பேர், டவுனிலிருந்து கொஞ்சம் பேர், போட்டோகிராபர் ஒருவர். உப்பு வாரும் பெண்கள் முப்பது பேரும் வேலையிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். முகத்துணியை யாரும் அவிழ்க்கவில்லை. போட்டோகிராபர் அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார், "வெயிலு தம்பி" என்றார்கள். அப்போதுதான் கவனித்தேன். முப்பது பேருடைய வலது கையிலும் பழைய சாக்ஸ் இருந்தது. சில கைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை சாக்ஸ், இரண்டு மூன்று கைகளில் பனியன் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர்களுக்குள்ளேயே பேசி முடித்திருக்கிறார்கள்.

அவன் வந்தான். பந்தல் ஓரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினான். அவன்தான் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, முப்பது பெண்களும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தியதே போதும். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. ராட்சசன் மாதிரி இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நேரே என்னிடம் வந்து, "புக்கு எங்க மேடம் விக்கிறாங்க?" என்றான்.

"அச்சுல கோளாறு. இன்னிக்குப் புக்கு இல்ல. அவங்களே கதை சொல்லுவாங்க."

"உண்மைக் கதைன்னு போட்டிருந்துதே?"

வாழ்நாள் முழுக்க மாயக்கதைகளை வெட்டியவள், அன்றைக்கு அந்த வார்த்தையைப் பிடித்துத் தொங்கினேன். "தப்பா போட்டுட்டோம். வெறும் கட்டுக்கதை."

அவன் நம்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பச்சையம்மா மூன்று நோட்டுகளையும் எடுத்துவந்திருந்தாள். பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வாயாலேயே சொல்ல ஆரம்பித்தாள். நிழல் பாத்தியில் தங்கியது, உப்புப் பூத்தது, கறுப்புக் கண்ணோடு எழுந்தது. அவன் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா, பைத்தியக்காரக் கதை என்கிற சிரிப்பு. உடம்பு தளர்ந்தது, கட்டிய கையை அவிழ்த்தான். வேவு பார்க்க நின்றவன் கதை கேட்க உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகுதான் கதை அவனுக்குள் போயிற்று என்று நினைக்கிறேன். காற்று நின்றுவிட்டிருந்தது. வெளிச்சம் பால் மாதிரி எல்லாவற்றையும் மூடியிருந்தது. உப்புப் பெண் விரலை விட்டுக் குழம்பைக் கலக்கினாள். ஒரு விரல் போதும் என்றார்கள். கையைக் கேட்டார்கள். சாப்பாடு நல்லா இருந்துச்சா, அவ கை தேயறதை யாரும் பாக்கல என்று பச்சையம்மா சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. தன் காலுக்குக் கீழே இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிபன் கடை என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் சட்டையை மடித்துக்கொண்டு சண்டைக்கு எழுந்திருப்பான். உப்பில் செய்த பெண்ணுக்காக யாரோடு சண்டை போடுவது?

கடல் கூப்பிட்டது, கால் கரைந்தது, பாத்திக்குத் திரும்பினாள். சட்டியோடு வந்தவர்களை, "எந்த உப்பைத் தேடுறீங்க?" என்று கேட்ட இடத்தில் முப்பது பெண்களும் சேர்ந்து சொன்னார்கள். ஏற்கெனவே பலமுறை கேட்ட கதைபோலும். அவன் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தான். முப்பது துணி கட்டிய முகங்கள், முப்பது சாக்ஸ் கைகள். பின்னால் வெயிலில் எரியும் வெள்ளை. கண் கூசி, தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஆனால் கை முளைத்த இடத்தை அவன் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. கூட்டம் கைதட்டிக் கலைந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றான். பைக் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"மேடம், அந்தக் கை... திரும்ப வளந்துச்சா?"

அது வருத்தமா, பயமா, போலீசுக்குப் போயிருப்பாளோ என்கிற கணக்கா, எனக்கு இன்றுவரை தெரியாது. மன்னிக்க நான் யார்? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"வளந்துடுச்சு."

அவன் தலையை ஆட்டினான். பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை என்று பச்சையம்மா சொன்னாள்.

அந்தக் கதை பின்னால் எங்களிடமே புத்தகமாக வந்தது. ஒரு வரி வெட்டாமல், கடல் பேசுவதோடு, கை முளைப்பதோடு. அட்டையில் கற்பனை என்று பெரிதாகப் போடச் சொன்னாள், போட்டோம். புத்தகத்தைத் தேடிப் போய் அந்தப் பெண் யார் என்று துப்பறியலாம் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், வீண் வேலை. அவள் பெயர் பச்சையம்மா அல்ல. வானூர் என்றேன், வானூர் அல்ல. அது டிபன் கடையும் அல்ல. தங்கை என்றேனே, அதையும் நம்பாதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.

உங்கள் மேஜையில் கிடக்கும் பேசுகிற கிணற்றைத் திருப்பி அனுப்புவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். எழுதியவருக்கு எழுத்து வராமலும் போயிருக்கலாம், கிணறு பேசினால் மட்டும் கதை நல்லதாகிவிடாது. ஆனால் அந்தக் கிணற்றின் வாயை அடைப்பதற்கு முன்னால், அது பேசாவிட்டால் அந்த ஊரில் வேறு யார் பேசவேண்டிவரும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். உண்மையைச் சொல்லச் சிலருக்கு வழி அது ஒன்றுதான். நடக்காததை நடத்திக்காட்ட எல்லாருக்குமே வழி அது ஒன்றுதான்.

விழா அன்றைக்கு எல்லாரும் போன பிறகு பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி எனக்கு டீ கொண்டுவந்தாள். முகத்துணிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. இடது கையால் டம்ளரை நீட்டினாள்.

"அவன் உங்ககிட்ட என்னா கேட்டான் மேடம்?"

"அந்தக் கை திரும்ப வளந்துச்சான்னு கேட்டான்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"வளந்துடுச்சுன்னு சொன்னேன்."

அவள் வலது கையின் சாக்ஸை மெல்ல உருவினாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சுருங்கியிருந்தன. அந்தக் கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் சிரிப்பு வந்ததா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, வெளிச்சம் அப்படி.

"பலகையைப் புடிக்கிற அளவுக்கு வளந்துதான் இருக்குது" என்றாள்.

சாக்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பலகையை எடுத்துத் தோளில் சாய்த்து, பாத்திக்குள் இறங்கினாள்.